நிலாவில் யார் சண்டை போட்டது?

ஓசியெக், குரோஷியா, 4 மார்ச் 2002

அன்புள்ள மிலுத்தின்,

இங்கே நலம். உன் முழங்கால் எப்படி?

அந்த விண்கப்பல் தொடர் உங்கள் சோம்போரிலும் பதினைந்தாம் தேதிதானே ஒளிபரப்பாகிறது? அங்கே சப்டைட்டில் எழுதுவது நீ, இங்கே நான். ஒன்பதாம் பகுதியில் கப்பல் தலைவி என்ன சொல்கிறாள் பார்: "முந்நூறு வருஷம் ஆகியும் செர்பியர்களும் குரோஷியர்களும் நிலாவில் அடித்துக்கொள்கிறார்கள்." எங்கள் மேலாளரோ, "நம்ம பேரை எடுத்துடுப்பா, அவங்க மட்டும் இருக்கட்டும்" என்கிறார்.

நான் இரண்டையும் போட்டு, நீ ஒன்றை மட்டும் போட்டால் இந்தத் தெருவில் எனக்குத் துரோகிப் பட்டம்தான். ஆன்டெனாவில் இரண்டு ஊர் ஒளிபரப்பும் தெரிகிறதே! நம் இரண்டு நாட்டுப் போருக்குப் பிறகு போன வருஷம்தான் நாம் மறுபடி எழுத ஆரம்பித்தோம். இருவரும் சேர்ந்தே போடலாமா?

உன் கிரெஷிமிர்

சோம்போர், செர்பியா, 9 மார்ச்

அடேய் கிரெஷிமிர்,

முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. எங்கள் ஆளும் அதே பாட்டுத்தான், பெயரை மட்டும் மாற்றிப் பாடுகிறார். நான் இரண்டையும் போடுகிறேன். நீயும் போடு. பேச்சு மாறக்கூடாது.

இந்த மாசக் கடைசியில் உங்கள் கத்தோலிக்க ஈஸ்டர் முடிந்து, மே மாசம் எங்கள் ஆர்த்தடாக்ஸ் ஈஸ்டர் வருவதற்குள் ஒரு ஞாயிறு வந்து சேர்.

மிலுத்தின்

ஓசியெக், 17 மார்ச்

அன்புள்ள மிலுத்தின்,

சொன்னபடி இரண்டையும் போட்டேன். மேலாளர் கத்தினார், கத்தட்டும். அன்று இங்கே நல்ல மழை. உங்கள் ஒளிபரப்பு வெறும் புள்ளிகளாகத்தான் தெரிந்தது. உனக்கும் எங்களுடையது தெரிந்திருக்காது.

ஏப்ரல் ஏழு, ஞாயிறு வருகிறேன்.

உன் கிரெஷிமிர்

சோம்போர், 23 மார்ச்

கிரெஷிமிர்,

இங்கே மழை இல்லை. உங்கள் ஒளிபரப்பு பளிச்சென்று தெரிந்தது. நிலாவில் செர்பியர்கள் மட்டும் அடித்துக்கொண்டிருந்தார்கள். யாரோடு என்றுதான் தெரியவில்லை. என் மனைவி ராதோய்கா, "இதுக்குத்தானா இத்தனை கடுதாசி?" என்று கேட்டாள்.

நான் இரண்டையும் போட்டேன். மறுநாளே என்னை மீன்பிடி நிகழ்ச்சிக்கு மாற்றிவிட்டார்கள். மீனுக்கு சப்டைட்டில் தேவையில்லை. ரொட்டிக் கடைக்காரர் என் முகத்தைப் பார்ப்பதில்லை. நீ பயந்ததைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். மழையைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஆன்டெனாவை வேறு பக்கம் திருப்பிவிடலாமென்று கூரையில் ஏறினேன். திருப்பாமலே இறங்கிவிட்டேன், முழங்கால் வலியோடு.

ஏழாம் தேதி மீன்குழம்பு வைக்கிறேன், உனக்குப் பிடித்தபடி மிளகாய்த் தூள் தூக்கலாக. வா. ஆனால் வாசலிலேயே நின்று, ரொட்டிக் கடை வரைக்கும் கேட்கிற மாதிரி, அந்த வசனத்தை முழுசாகச் சொல். பிறகு உள்ளே வரலாம்.

மிலுத்தின்