கீர்த்திக்குச் சொல்லிவிட்ட பதில்

அன்பு மகள் அகல்யாவுக்கு,

தாபோடியில் நாங்கள் ஒருவழியாக இருக்கிறோம், டப்ளின் குளிரில் உனக்கு ஒரு குறையும் வராமல் இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசினால் உன் தங்கை காதில் விழும், அவளுக்குத் தமிழ் படிக்க வராது, அதனால்தான் எழுதி போட்டோ எடுத்து அனுப்புகிறேன். ஸ்கூல் வேன் பற்றி எரிந்ததிலிருந்து கீர்த்தி வேறு பிள்ளையாகிவிட்டாள் அம்மா. உடம்பில் காயம் ஒன்றும் இல்லை, ஆனால் தூங்கும்போதுகூட ஷூவைக் கழற்ற மாட்டேன் என்கிறாள், குக்கர் விசில் அடித்தால் வாசலுக்கு ஓடுகிறாள். பக்கத்து வீட்டு மராத்திக்கார மாவுஷி திருஷ்டி எடுங்கள் என்று சொல்ல, உன் அம்மாவும் நல்லது என்று நினைத்து உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டு, அவள் முகத்துக்கு நேரே கற்பூரத்தைக் கொளுத்திவிட்டாள். கீர்த்தி கட்டிலுக்கடியில் போய் ஃபிராக்கை நனைத்துக்கொண்டு சாயங்காலம் வரை வெளியே வரவில்லை. அதற்குப் பிறகு எங்கள் இருவரிடமும் பேச்சே இல்லை. உன் அம்மா சந்திரிகா சாமி விளக்குகூட ஏற்றுவதில்லை, சமையலறையில் நின்று அழுகிறாள். எனக்கும் சலித்துப்போகிறது, ஷிஃப்ட் முடிந்து வந்தால் வீட்டுப் படி ஏறக் கால் வரவில்லை.

கவுன்சலர் அம்மா ஒருவரிடம் கூட்டிப்போகிறோம், வண்டியில் ஏற மாட்டாள் என்பதால் நடந்தேதான். என்ன நடந்தது என்று துருவாதீர்கள், எது செய்தாலும் அவளிடம் முன்னாலேயே சொல்லுங்கள் என்கிறார். நீயும் வீடியோவில் பயப்படாதே பயப்படாதே என்று சொல்லாதே கண்ணு, அதைக் கேட்டதும் எழுந்து போய்விடுகிறாள். நேற்று உன் முகூர்த்தப் புடவையைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தோம், அவளாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அக்கா கல்யாணத்துல நெருப்பு வெப்பாங்களாப்பா என்று கேட்டாள். வைக்க மாட்டார்கள் என்று சொல்லிவிட்டேன். அதைக் கேட்டதும் தட்டை எடுத்து வந்து என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டாள் அகல்யா. உன்னையும் நான் கேட்கவில்லை, மாப்பிள்ளை தருணையும் கேட்கவில்லை. மாலை மாற்றி, தாலி கட்டி, பெரியவர்கள் அட்சதை போட்டால் போதாதா என்று நீயே அவரிடம் பேசிப்பார். அவர்கள் வீட்டில் ஹோமம் இல்லாமல் முடியாது என்றால் எனக்கு வருத்தம் இல்லை, நடக்கட்டும். உன்னைத் தாரை வார்த்துக் கொடுக்கச் சித்தப்பாவை உட்காரச் சொல்கிறேன், நான் கீர்த்தியைக் கூட்டிக்கொண்டு மண்டபத்துக்கு வெளியே நிற்கிறேன்.

நீயும் தருணும் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். நைட் டூட்டியில் பட்டினி கிடக்காதே. பதிலை எழுதியே அனுப்பு, போன் செய்தால் அவள் முன்னால் எனக்குக் குரல் உடைந்துவிடும்.

உன் அப்பா
துரைசாமி