செல்லியைச் சேர்க்கப் போனது

18-6-62, திங்கள்

நான் வாத்தியாராக இருக்கும் குறவர் குடியிருப்பில் பள்ளியிறுதி தேறிய முதல் பிள்ளை செல்லி. இன்று அவளை ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் சேர்க்கப் புதுக்கோட்டைக்குக் கூட்டிப்போனேன். அவள் அப்பா மட்டும் வந்தால் போதும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். பஸ்ஸில் அவரோடு சேர்த்துச் சொந்தக்காரர்கள் பதினோரு பேர் ஏறினார்கள்.

தலைமையாசிரியை அம்மா, "கார்டியன் யாரு?" என்று கேட்டார்.

பதினோரு பேரும் எழுந்து, "நாந்தாங்க" என்றார்கள்.

இடம் போச்சு என்று எனக்கு வியர்த்துவிட்டது.

"நீயே சொல்லும்மா" என்றார் செல்லியிடம்.

"எல்லாருந்தாங்க. ஒருத்தர விட்டாலும் கோவிச்சுக்குவாங்க."

அந்த அம்மா சிரித்துவிட்டார். அப்பாவிடம் மட்டும் கைநாட்டு வாங்கிக்கொண்டு ஹாஸ்டலில் இடம் கொடுத்தார்.

சாயங்காலம் ஊர் திரும்ப எல்லோரையும் கூப்பிட்டேன். ஹாஸ்டலுக்கு எதிரே மரத்தடியில் அடுப்பு மூட்டியிருந்தார்கள். கூடை பின்னவும் உட்கார்ந்துவிட்டார்கள்.

"புள்ளைக்குத் தொணையா இங்கிட்டே இருக்கோம். நீங்க போங்க சார்" என்றார் செல்லியின் அப்பா.

"எத்தனை நாளைக்கு?"

"ரெண்டு வருசப் படிப்புன்னுதானே சொன்னீங்க?"

தனியாகத்தான் பஸ் ஏறினேன். காலையில் அந்த அம்மா ஜன்னலைத் திறந்தால் என்ன சொல்வாரோ. எனக்குத் தூக்கம் வரவில்லை. செல்லி நன்றாகத் தூங்கியிருப்பாள்.