துமாருக்குக் கண் படக்கூடாது

பிப்ரவரி 6
நர்ஸ் மேல் துப்பிவிட்டேன். வேண்டுமென்றே இல்லை. என் தங்கை ஜிபாரின் எட்டு நாள் குழந்தையைப் பார்க்க வந்த நர்ஸ் ராக்கியா, "அடடா, என்ன அழகு!" என்றார். கண் பட்டுவிடுமே என்று "த்பூ, த்பூ, த்பூ" சொன்னேன். மூன்றாவது ஈரமாகிவிட்டது. எங்கள் நாரின் நகரத்துக் கல்யாணங்களில் மைக் பிடித்து நானூறு பேரைச் சிரிக்க வைக்கிறவன், கைக்குட்டை தேடி அலைந்தேன்.

துடைத்துக்கொண்டே அவர் சொன்னது: கர்ப்பத்தில் ஜிபாருக்கு வந்த தடிப்பு ருபெல்லாவாம். குழந்தை ரத்தத்திலும் அது இருக்கிறதாம். பிள்ளையின் கண்ணைக் கெடுக்கலாமாம்.

"நாளைக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வாங்க. கண்ணுல மருந்து விட்டு, வெளிச்சம் அடிச்சுப் பாக்கணும். தள்ளிப் போடாதீங்க."

"நாப்பது நாளைக்குள்ள வெளியாள் கண்ணு பிள்ளை மேல படலாமா?"

"நானும் வெளியாள்தான். அதுக்குத்தான் நல்லாத் துப்பிட்டீங்களே, மைக்குக்காரரே."

பிப்ரவரி 7
போகவில்லை. ஜிபார் போகலாம் என்றாள். மச்சான் மாஸ்கோவில் கூரை கூரையாகப் பனி வாருகிறார். இங்கே தாய்மாமன் வைத்ததுதான் சட்டம். "பிள்ளை பேரே துமார். தாயத்துன்னு அர்த்தம். தாயத்துக்கே நோய் வருமா?" என்றேன். சிரித்துவிட்டாள். அவளைச் சிரிக்க வைத்தால் நான் ஜெயித்த மாதிரி.

பிப்ரவரி 19
ராக்கியாவின் போன், மூன்று முறை. எடுக்கவில்லை. தொட்டிலுக்கு இரண்டு போர்வை, ஜன்னலுக்குக் கம்பளி. பூனைக்குக்கூட அனுமதி இல்லை.

மார்ச் 10
நாற்பது முடிந்தது. ஜன்னல் கம்பளியை எடுத்தோம். அக்கம்பக்கத்துப் பெண்கள் நாற்பது கரண்டித் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்ட, நான் மேடைக் குரலில் எண்ணினேன். இருபத்தேழில் ஜிபார் என் கையைப் பிடித்தாள்.

"அண்ணே, வலது கண்ணுல பால் துளி மாதிரி..."

"தண்ணி தெறிச்சிருக்கும்."

துடைத்தாள். போகவில்லை. மறுபடி துடைத்தாள்.

நான் நாற்பது வரை எண்ணி முடித்தேன். ஏன் எண்ணினேன்?

மார்ச் 11
பிறவியிலேயே கண்புரை. தலைநகர் பிஷ்கெக்கில் ஆபரேஷன். கண் டாக்டர் என்னைப் பார்க்காமல் ஜிபாரிடம் சொன்னார்: "புரையை எடுத்துடலாம்மா. ஆனா அந்தக் கண்ணால பாக்க மூளை பழகணும். அது பழகுற நாள்ல பாதி போயிடுச்சு. முதல் மாசமே வந்திருந்தா..."

வராந்தாவில் ராக்கியா. "என் மேல துப்பிடுங்க" என்றேன். குழந்தையின் தொப்பியைச் சரி செய்துவிட்டுப் போனார். துப்பியிருக்கலாம்.

ஏப்ரல் 2
ஆபரேஷன் ஆயிற்று. நல்ல கண்ணை ஒட்டுப் போட்டு மூடி, வலது கண்ணைப் பழக்க வேண்டும். மூடினால் அலறுகிறாள். விளக்கை ஆட்டினேன் — திரும்பவில்லை. கிலுகிலுப்பையை ஆட்டினேன், குரங்குபோல் நானே ஆடினேன். ம்ஹும்.

ஜிபார் இப்போது அண்ணே என்று கூப்பிடுவதில்லை. "இந்தாங்க, டீ." அவ்வளவுதான்.

ஏப்ரல் 20
நாளைக்கு ஒரு கல்யாணத்தில் மைக் பிடிக்க வேண்டும். மண்டபம் எங்கே என்று தேடி, மைக்குக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் பின்னால் போய்க்கொண்டே இருந்தேன். பிப்ரவரி 7. தொட்டிலில் துமார். பிளாஷ் போட்டு நான் எடுத்து, நான் அனுப்பிய படம். இருநூற்றுப் பதினாலு பேர் பார்த்திருக்கிறார்கள். இடது கண் சிவப்பாக மின்னுகிறது, வலது கண் வெள்ளையாக.

கீழே என் எழுத்து: "பாருங்கய்யா, ஒம்பது நாள்லயே மாமனைப் பாத்துக் கண்ணடிக்கிறா!"