ஈஸ்டருக்குப் பிறகும் ஒருசந்தி

மார்ச் 24, செவ்வாய்

காலையிலேயே வெக்கை. துறைமுகத்து நிலக்கரித் தூசி பட்டுக் கொடியில் போட்ட வேட்டியெல்லாம் சாம்பல் நிறம். குடைக்குக் கம்பி மாற்ற வேண்டும். ஆபீசில் நான் எழுதிய கடிதத்தைத் தலைமைக் குமாஸ்தா மறுபடியும் திருப்பி அனுப்பினார். என்னிடம் வேலை பழகியவர். பேச்சுவார்த்தை இல்லை, எல்லாம் பியூன் மூலம்.

வீட்டில் மகள் பிலோமி சாப்பிடவில்லை. ஈஸ்டர்வரை தபசு காலம், ஒருசந்தி இருக்கிறாள் என்கிறாள் மனைவி. பதினாலு வயதுப் பெண் ஒரு வேளைதான் உண்ண வேண்டும் என்று யார் விதித்தது? அந்த ஒரு வேளைச் சோற்றையும் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துபோகிறாள்.

மார்ச் 27, வெள்ளி

காற்றே இல்லை. பல்வலி. கிராம்பு வைத்தும் பயனில்லை.

பிலோமி சாயங்காலம் முழுவதும் கோவிலில். எதிர்வீட்டுக் கத்தரினாள் வாசலில் நின்று என் மனைவியிடம்: "மாதாவே வந்து பொறந்துகீறாங்கடி உன் வூட்ல. எங்கூட்லயும் ஒண்ணு கீதே, கண்ணாடிய வுட்டு நகராது." மனைவிக்குப் பூரிப்பு. செய்தி பங்குச் சாமியார்வரை போய்விட்டது. ஈஸ்டர் கழிந்த வியாழனன்று மடத்து மதர் வந்து பெண்ணைக் கன்னியாஸ்திரியாக்க அழைத்துப்போவதாக ஏற்பாடு. என்னைக் கேட்கவில்லை. கோவில் பள்ளிக்கூடத்து வாத்தியார் வேலைக்கு நான் மனுப் போட்டபோது, பூசைக்கு ஒழுங்காக வராதவன் என்று தட்டிவிட்ட அதே சாமியார். இப்போது என் பெண் வேண்டுமாம். கொடுக்கமாட்டேன்.

மார்ச் 29, குருத்தோலை ஞாயிறு

கோவிலில் நல்ல கூட்டம். பெண் பிள்ளைகள் ஓலையைச் சிலுவையாகப் பின்னிக்கொண்டிருந்தார்கள். போன வருஷம் பிலோமி கிளி, மீன், மோதிரம் என்று பின்னிப் பெஞ்சு முழுக்கக் கொடுத்தாள். இன்று ஓலை மடியில் கிடந்தது. தலை வாரியிருக்கவில்லை.

கத்தரினாளைப் போலப் பேசிக்காட்டுவாள், வயிறு வலிக்கச் சிரிப்போம். கடைசியாக எப்போது? கிறிஸ்துமசுக்கு முன்பு. பகலெல்லாம் படுக்கை. விடியுமுன் விழித்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பள்ளித் தோழி வந்தால் தூங்குவதாகச் சொல்லச் சொல்கிறாள்.

குடை இன்னும் அப்படியே.

ஏப்ரல் 5, ஈஸ்டர்

கடற்காற்று. மணியோசை ஓயவில்லை. ஆட்டுக்கறி, வஞ்சிரத் தலைக் குழம்பு. அந்தத் தலைக்கு எனக்கும் பிலோமிக்கும் எப்போதும் சண்டை. இன்று நானே அவள் தட்டில் வைத்தேன். என் பக்கம் தள்ளினாள்.

"நீயே துன்னு நைனா."

தபசு காலம் முடிந்துவிட்டது. தெருவே சாப்பிடுகிறது. இவள் மட்டும் இன்னும் ஒருசந்தி. மனைவி கரண்டியோடு அப்படியே நின்றாள்.

பிற்பாடு கேட்டேன், கோவிலில் அத்தனை நேரம் என்னதான் வேண்டிக்கொள்கிறாய் என்று.

"ஒண்ணும் வேண்டல நைனா. அங்க குந்திகினா யாரும் இன்னான்னு கேக்க மாட்டாங்க."

ஏப்ரல் 6, திங்கள்

டாக்டர் நாக்கைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார். வயசுக் கோளாறாம். டானிக். குடித்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டாள்.

எனக்குத் தெரியும் இது. தலைமைக் குமாஸ்தா உத்தியோகம் என்னைத் தாண்டிப் போன அந்த வருஷம் சுவரைப் பார்த்தபடி கிடந்தேன். தலைக்கனம் என்றார்கள். இவளுக்குப் பக்தி என்கிறார்கள். இது நோய். மனசில் வந்திருக்கிறது, அவ்வளவுதான். சாமியார் மேலுள்ள கோபத்தில் நான் மறுத்தால் அது என் வழக்கு. இவள் வழக்கு வேறு.

மனைவியிடம் சொன்னேன். நாஸ்திகன் என்று திட்டினாள். அப்புறம் அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள். "அப்போ அது பக்தி இல்லியா? ஊர் பூரா சொல்லிக்கினு திரிஞ்சனே."

ஏப்ரல் 8, புதன்

லீவு கேட்கத் தலைமைக் குமாஸ்தா முன்னால் நானே போய் நின்றேன். மகளுக்கு உடம்பு சரியில்லை என்றேன். நாற்காலியைக் காட்டினார். உட்காரவில்லை. லீவு கொடுத்தார். நன்றி சொன்னேனா? நினைவில்லை.

ஏப்ரல் 9, வியாழன்

லேசான தூறல். குடை இல்லாத நாளில்தான் வரும்.

மதர் வந்தார். நல்ல அம்மாள், அதுதான் எரிச்சல். ஆண்டவர் அழைப்பதைத் தடுக்கலாமா என்றார். பெண் நோயாக இருக்கிறாள், தெளிந்தபின் அவளே கேட்டால் நானே கொண்டுவந்து விடுகிறேன் என்றேன். மனைவி எனக்கு எதிராகப் பேசவில்லை. மதர் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

பிலோமி கதவுக்குப் பின்னால் நின்றிருக்கிறாள்.

"நான் போவ வேணாமா நைனா?"

"வேணாம்."

"இங்கயே சும்மா குந்திகினு இருக்கலாமா? ஒண்ணுமே பண்ணாம?"

"இரும்மா. நானும் கூட இருக்கேன்."

அழுதாள். இத்தனை மாதத்தில் இன்றுதான் அழுகிறாள். மனைவி சீப்பை எடுத்துவந்து பின்னால் உட்கார்ந்தாள், தள்ளிவிடவில்லை. பாதிச் சிக்கு எடுத்தாயிற்று. அழுகை நிற்கவில்லை. அடுப்பில் கஞ்சி. குடிப்பாளோ மாட்டாளோ. நாளைக்கும் லீவு கேட்க...

பிலோமி கூப்பிடுகிறாள்.