ஆறாவது குழி

ஜனவரி 8, வியாழன்

காலையில் நல்ல பனி. ஸ்வெட்டர் போட்டதற்கு அண்ணன் கிண்டல்: "வடதுருவத்துக்கே போய்ட்டு வந்தவளுக்கு நம்ம போடிநாயக்கனூர்க் குளிரு தாங்கலையாக்கும்!"

செய்ய வேண்டியவை: கட்டுரையில் மூன்றாவது படம் திருத்தணும். பல் டாக்டர். பேராசிரியருக்குப் பதில்.

ஆய்வுக்கட்டுரை திங்களன்று போக வேண்டும். ஆர்க்டிக் பள்ளத்தாக்கில் ஆறு குழிகள், ஆறு வெப்பமானிகள். ஐந்தில் உறைமண் வருடா வருடம் சூடேறுகிறது. ஆறாவதில் ஏறவே இல்லை. அந்தக் குழி இருக்கும் மலைச்சரிவு மட்டும் சூட்டுக்குத் தாக்குப்பிடிக்கிறது என்பதுதான் கட்டுரையே. என் பெயர் முதலாவதாக வரும் முதல் கட்டுரை. அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

ஜனவரி 9

அண்ணனோடு ஜீப்பில் குரங்கணிக்கு மேலே, எங்கள் ஏலத்தோட்டம். கோடைக்கு முன்னால் செடித் தூர்களுக்குச் சருகு மூடாக்குப் போடும் வேலை. புது வெப்பமானியைச் சோதிக்க ஒரு தூரடியில் சருகை விலக்கி, வெறும் மண்ணில் நட்டேன். டீ குடித்துவிட்டு வந்தால் அதன்மேல் ஒரு சாண் சருகு! மாரியக்கா வேலை. நான் பிறக்கும் முன்பிருந்தே இந்தத் தோட்டத்தில் இருப்பவர்.

"யாருக்கா இதை மூடச் சொன்னா?" கத்திவிட்டேன்.

"யாரு சொல்லணும் பாப்பா? மண்ணு தெறந்து கெடந்தா கை சும்மா இருக்குமா? நீயுந்தேன் சின்னப்புள்ளையில தூர் தூரா மூடிக்கிட்டே திரிவ."

சிரித்தேன். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது.

ஆறாவது குழி நான் தோண்டியது. வெறும் மண் திட்டு, வெப்பமானியைப் புதைத்தபின் மேலே எதுவும் மூடாமல் அப்படியே விட வேண்டும் என்பது விதி. நான் பக்கத்தில் மெத்தைபோல் வளர்ந்திருந்த பாசியை அள்ளிப் போட்டு இரண்டு கையாலும் அழுத்தினேன். கையுறை நனைந்தது ஞாபகம் இருக்கிறது. ஏன் போட்டேன் என்பது இல்லை.

ஜனவரி 10

பல் டாக்டரிடம் போகவில்லை. பழைய போட்டோக்களைத் துருவினேன். மூடுவதற்கு முன் எடுத்தது இருக்கிறது, பின் எடுத்தது இல்லை. யாருக்கும் தெரியாது. அளவுகள் செயற்கைக்கோள் வழியாக வருகின்றன, நேரில் போய்ப் பார்க்க ஆளில்லை.

பாசி, கோடையின் சூட்டை உள்ளே விடாது. மண் குளிர்ந்துதான் கிடக்கும்.

அம்மாவிடம் சொன்னேன். "அஞ்சு குழி சரியாத்தான இருக்கு? ஒண்ணுதான, விட்டுத்தொலை."

அந்த ஐந்து எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கட்டுரை அந்த ஒன்றுதான். அது ஒன்றாவது தப்பித்ததே என்று எவ்வளவு சந்தோஷப்பட்டேன். வெட்கமாக இருக்கிறது. பயமாகவும்.

ஜனவரி 11, ஞாயிறு

பொங்கலுக்கு வெள்ளையடிப்பு. வீடெல்லாம் சுண்ணாம்பு நெடி. பேரா.வுக்கு எழுதி அனுப்பிவிட்டேன், பாசி போட்டது உட்பட எல்லாம். நான்கு வரிதான், காலை முழுக்க ஆனது.

மதியம் பதில் வந்தது: கட்டுரையை நிறுத்தியாயிற்று. பாசி எவ்வளவு தடிமன்?

திட்டியிருந்தால் தேவலை.

கட்டுரை வராது என்று அம்மாவிடம் சொன்னேன். தெருவுக்கு என்ன சொல்வது என்று கேட்பாள் என நினைத்தேன். சுண்ணாம்பு பிரஷ்ஷைக் கீழே வைத்தாள்.

"அப்ப அங்க ஒரு எடங்கூடத் தப்பலையாடி?"