பதினொரு வினாடி

மார்ச் 3

இன்று மூன்று செல்போன்களுக்கு உயிர் கொடுத்தேன். அதில் ஒன்று தண்ணீர் வாளியில் நாலு நாள் கிடந்தது. (நாலு மணி நேரம். சரி, நாலு நிமிடம்.)

அக்கா மகளின் முதல் ஆல்பம் அடுத்த மாதம் 17-ஆம் தேதி வெளிவருகிறது. சினிமாப் பாட்டு இல்லை. அவளே எழுதி, அவளே மெட்டுப் போட்டு, துணி அலமாரிக்குள் புகுந்து பாடியது. துணி எதிரொலியைக் குடித்துவிடுமாம். இதை நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்றேன். அக்கா, "அப்போ நீ ஊர்லயே இல்லையேடா" என்றாள். அவளுக்கு ஞாபகசக்தி ஒரு வியாதி.

வெளியிடுவது ஒரு சின்ன இசை நிறுவனம். ஒரே நிபந்தனை: அதற்கு முன் எந்தப் பாட்டும் வெளி ஆள் காதில் விழக்கூடாது. எனக்கு மட்டும் முதல் பாட்டை அனுப்பி, "யாருக்கும் போடாதீங்க மாமா" என்றாள்.

என் வாய் இரும்புப் பெட்டி.

மார்ச் 9

பாட்டு எப்படி என்று கேட்டாள். முழுசாகக் கேட்டேன், கண் கலங்கிவிட்டது என்றேன். கேட்கத்தான் போகிறேன். வேலை.

ஆனால் ஒன்று கண்டுபிடித்தேன். ஸ்பீக்கர் சோதிக்க இதைவிட நல்ல பாட்டு உலகத்தில் கிடையாது! எடுத்தவுடன் வயிற்றில் குத்துகிற டிரம், அடுத்து அவள் குரல் உச்சிக்கு ஏறும். ஸ்பீக்கர் கிழிந்திருந்தால் அங்கேயே கரகரக்கும். பழுது பார்த்த போனில் ஏற்றி, பதினொரு வினாடி ஓடவிட்டு, அழித்துவிட்டுத்தான் கொடுக்கிறேன். ரகசியம் ரகசியமாகவே இருக்கிறது.

மார்ச் 21

பக்கத்துக் கடை டெய்லர் அந்த டிரம்முக்கு ஏற்ப மிஷினை மிதிக்கிறார். யார் பாட்டு என்று கேட்டார். சொல்லாமல் இருக்க முடியுமா? பத்தாயிரம் பேர் கேட்டு மயங்கிய பாட்டு, மெட்டில் என் கையும் உண்டு என்றேன்.

மார்ச் 27

டெய்லர் தான் தைத்த கோட்டு ஒன்றை வீடியோ எடுத்து இணையத்தில் போட்டிருக்கிறார். பின்னணியில் என் கடையிலிருந்து வந்த பதினொரு வினாடி. கீழே, 'பத்தாயிரம் பேர் ரசித்த பாடல், உபயம்: பக்கத்துக் கடை'. என் கடைக்கு விளம்பரம். மனுஷன் தங்கம்.

மார்ச் 28

தங்கமாவது மண்ணாவது.

அக்கா மகள் மத்தியானம் கடைக்கு வந்தாள். நிறுவனத்தார் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டார்கள். பத்தாயிரம் பேர் கேட்டது புதுப் பாட்டா என்று கேட்டு, ஆல்பத்தையே நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

"யாருக்குப் போட்டீங்க மாமா?"

"யாருக்கும் போடலம்மா. ஸ்பீக்கருக்குத்தான் போட்டேன்."

உண்மையைத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "மூணு வருஷம் மாமா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

ஏன்டா உனக்கு இந்த வாய்?

மார்ச் 30

நிறுவனத்துக்குப் போனேன். அரை மணி நேரம் கர்ஜித்தேன். கட்டடமே ஆடியது—

இல்லை. மாடிப்படியில் இருபது நிமிடம் நின்றேன். உள்ளே போனால், அக்கா மகளும் உட்கார்ந்திருந்தாள். எதிரே கண்ணாடி போட்ட ஒரு அம்மா. கடை நோட்டை நீட்டினேன். ஒன்பதாம் தேதியிலிருந்து வந்த போன் எல்லாம் அதில் தேதியோடு இருக்கிறது. அந்த அம்மா விரல் வைத்து எண்ணினார். ஐம்பத்து நாலு.

"ஒரு நாளைக்கு மூணு போன்தானா?"

நாளுக்கு ஐம்பது என்று இருபது வருஷமாகச் சொல்லி வருகிறேன். அக்கா மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"மூணுதாம்மா. மழைன்னா ரெண்டு."

பதினொரு வினாடிக்கு அப்புறம் யாருக்கும் கேட்கவில்லை என்பதற்கு என்ன உறுதி என்றார். அதற்கும் உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று.

"பன்னிரண்டாவது வினாடியில என்ன வருதுன்னு எனக்கே தெரியாதும்மா."

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். டெய்லர் அந்த வீடியோவை இணையத்திலிருந்து எடுத்துவிட வேண்டும். ஆல்பம் அதே தேதியில் வரும் என்றார்.

படியிறங்கும்போது அவள் கேட்டாள்: "கண்ணு கலங்குச்சுன்னீங்க?"

"பதினொரு வினாடியிலேயே கலங்கிடுச்சு."

முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிப்புதான் என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 17

காலையிலேயே ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். பாட்டு நாலு நிமிடம் இருபது வினாடி. பன்னிரண்டாவது வினாடியில் டிரம் நின்றுவிடுகிறது. அவள் மட்டும் தனியாகப் பாடுகிறாள்.

வேறு எழுத வரவில்லை.

ஏப்ரல் 20

டெய்லர் வந்தார். பாட்டை எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள் என்றார். பத்தாயிரம் நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"எண்பத்து மூணு" என்றேன்.

அதில் ஒன்பது தடவை நான்.