டாப் இல்லாத மோரிஸ்

5-2-1978, ஞாயிறு

கோமளாவை அழைத்துக்கொண்டு போய் இரண்டு வண்டிகளையும் பார்த்துவிட்டு வந்தேன். பதினாலு வருஷமாக அரக்கோணம் ரயில்வே ஷெட்டில் ஃபிட்டர்; சர்க்கார் என்ஜினையே கழற்றி மாட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு பழைய காரை வாங்கி, என் கையாலேயே பிரித்து, என் இஷ்டப்படி ஆக்கிப் பார்க்க வேண்டும். ரொம்ப நாள் ஆசை.

முதலில் இங்கேயே திருத்தணியில், காலமான டாக்டர் வீட்டு லேண்ட்மாஸ்டர். நாலு கதவு. கொஞ்சம் எண்ணெய் குடிக்கும், மற்றபடி ஓடுகிற வண்டி. கோமளா செருப்பைக் கழற்றிவிட்டுப் பின் சீட்டில் ஏறி நீட்டிப் படுத்தே பார்த்துவிட்டாள். டாக்டர் வீட்டம்மா சிரித்தார்கள். "அம்மா என்னைவிடக் குட்டைங்க. காலை மடக்கவே வேணாம்," என்றாள் கோமளா. நகரியில் அவள் அம்மாவுக்கு ஒரு பக்கம் வராமல் போய் ஐந்து மாதம். பஸ்ஸில் உட்கார வைக்க முடியாது. தறி வீட்டில் அவள் தம்பி பரந்தாமன்தான் பார்த்துக்கொள்கிறான். இங்கே கொண்டுவந்து தன்னோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்று இவள் தவிக்கிறாள்.

பிறகு கனகம்மாசத்திரம். டயர் கடைக்குப் பின்னால் ஒரு மோரிஸ் மைனர், ஐம்பத்தொன்றாம் வருஷத்தது. பின் சீட்டில் கோழி முட்டையிட்டிருந்தது. டாப்பெல்லாம் துரு. ஆனால் அந்த முகம்! மட்கார்டு வளைவில் கையை வைத்தேன், எடுக்க மனம் வரவில்லை.

மோரிஸ்தான் என்று சொல்லிவிட்டேன். "ரெண்டு மாசத்துல ரெடியாயிடும். முன் சீட்டைச் சாய்ச்சுப் போட்டா அம்மா படுத்துக்கினே வரலாம்," என்றேன்.

"ஆங்," என்றாள்.

12-2-1978

மோரிஸை லாரிக்குப் பின்னால் கட்டி இழுத்து வந்தோம். தெருவே கூடிவிட்டது.

5-3-1978, ஞாயிறு

என்ஜின் பிரித்தாயிற்று. தகர வேலைக்கு கோதண்டபாணி வந்தான். டாப்பைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஒட்டுப் போட்டா போதும் சார்," என்றான். எனக்கு டாப்பே வேண்டாம். திறந்த மோரிஸின் படம் ஒன்றை ஷெட்டில் பழைய இங்கிலீஷ் பத்திரிகையில் பார்த்ததிலிருந்து வேறு நினைப்பே இல்லை. "எடுத்தா பாடி தாங்காது சார்," என்றான். வெட்டு என்றேன்.

19-3-1978

டாப்பை வெட்டியதும் வண்டி நடுவில் தொய்ந்துவிட்டது. இரண்டு கதவும் மூடவில்லை. கோதண்டபாணி என்னை ஒரு பார்வை பார்த்தான். அடியில் இரும்புச் சட்டம் வைத்துப் பற்றவைத்தால்தான் நிற்கும். சட்டத்துக்கு இடம் வேண்டும் — பின் சீட்டை எடுத்தேன். முன் சீட்டும் இனிச் சாயாது.

டீ கொண்டுவந்த கோமளா வண்டியைச் சுற்றிப் பார்த்தாள்.

"அம்மா எங்கங்க படுப்பாங்க?"

"வேற வண்டி பேசிக்கலாம்."

"வேற வண்டிதான் இருந்துச்சே."

டம்ளரை மட்கார்டு மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

2-4-1978

லேண்ட்மாஸ்டரை யாரோ திருவள்ளூர்க்காரர் வாங்கிக்கொண்டு போய்விட்டாராம். கோமளாவிடம் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கும்.

30-4-1978, ஞாயிறு

பரந்தாமன் வந்திருந்தான். "பாவா, அம்மா தெனமும் கேட்டுகினு இருக்காங்க. நான் ஒரு டாக்சி வெச்சுக் கூட்டியாந்துடட்டா?"

கோமளா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"நம்ம வூட்டுலயே வண்டி இருக்கும்போது டாக்சி எதுக்குப்பா? இன்னும் மூணு வாரம் பொறு. எப்படியாவது படுக்க எடம் பண்ணிடறேன்," என்றேன்.

வண்டி அப்போது நாலு கல்லின் மேல், சக்கரமில்லாமல் நின்றது.

20-5-1978

தந்தி. அத்தை போய்விட்டார்கள். பஸ்ஸில் போகிறோம்.

22-5-1978

தூக்கம் இல்லை. அத்தையை எடுத்துக்கொண்டு போகும் முன் பரந்தாமன் தலைமாட்டிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்து அக்காவிடம் கொடுத்தான். இரண்டு புடவை, ஒரு சீப்பு, தைலம். "மூணு வாரம்னு பாவா சொன்னாருன்னு சொன்னேன். அன்னைக்கே மடிச்சு வெக்கச் சொன்னாங்க," என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

என்னையே கேட்டுக்கொள்கிறேன்: ஏன்டா வாயைத் திறந்தே? அவன் டாக்சியில கூட்டியாந்திருப்பான் இல்ல? வண்டி யாருக்கு? எனக்குத்தானே? அப்புறம் எதுக்கு அந்தம்மாவை இழுத்தே?

கோமளா திட்டினால் பதில் சொல்லவாவது இருக்கும்.

28-1-1979, ஞாயிறு

வண்டி முடிந்தது. மாம்பழ மஞ்சள். கோயில் மலைப் பாதையில் மூச்சு வாங்காமல் ஏறிற்று. திரும்பி வந்து கோமளாவைக் கூப்பிட்டேன். "எனக்குத் துணி ஊறிகினு இருக்கு, நீங்க போயிட்டு வாங்க," என்றாள்.

நேற்றும் துணிதான் ஊறியது.

18-3-1979

வண்டிக்கு இது மூன்றாவது கல்யாணம். திறந்த வண்டி என்றால் ஊர்வலத்துக்கு இங்கே இதுதான். எந்த முகூர்த்தமானாலும் வீடு தேடி வந்துவிடுகிறார்கள்.

3-6-1979, ஞாயிறு

இரவுச் சாப்பாட்டின்போது, "எட்டாம் தேதி லீவு போடுவீங்களா?" என்றாள். ஏன் என்றேன். "அம்மாக்கு வருஷத் திதி."

அன்றைக்குத்தான் ஃபோர்மேன் மகள் கல்யாணம். மலைமேல் தாலி, அங்கிருந்து கீழே சத்திரம் வரை ஊர்வலம் — நானே ஓட்டுகிறேன் என்று போன மாதமே வாக்குக் கொடுத்திருந்தேன். திதி நாளை மறந்திருந்தேன். சொன்னேன்.

"சரி. நான் பஸ்ல போயிடறேன்."

8-6-1979, வெள்ளி

காலை எட்டரை இருக்கும். பேண்டு முன்னால் போக, மாப்பிள்ளையும் பெண்ணும் பின் சீட்டு இருந்த இடத்தில் போட்ட பலகையில் உட்கார்ந்திருக்க, நடக்கிற வேகத்தில் ஓட்டிக்கொண்டு வந்தேன். பஜார் திருப்பத்தில் பின்னாலிருந்து விடாமல் ஹாரன். ஒதுங்கி வழி விட்டோம். நகரி பஸ். முன்னால் கூட்டம் விலகாததால் என் பக்கத்திலேயே வந்து நின்றுவிட்டது.

மூன்றாவது ஜன்னலில் கோமளா. மடியில் பூவும் வெற்றிலையும். வண்டியைப் பார்த்தாள் — மாலை, ஜரிகைத் தோரணம், பெண்ணின் முகம். அப்புறம் என்னை.

இறங்கி அந்தப் பஸ்ஸில் ஏறிவிட வேண்டும் என்று இருந்தது. ஸ்டியரிங்கை விடவில்லை.

அவள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டினாள். வீட்டுச் சாவி.

"சாதம் வடிச்சு வெச்சிருக்கேன். கொழம்பை மட்டும் சூடு பண்ணிக்கோங்க. நான் வர நாலு நாள் ஆவும்."

பஸ் நகர்ந்தது. பின்னாலிருந்து யாரோ "போலாம் சார்" என்றார்கள். போனேன்.